ஐந்தாவது கட்டம்: கடையின் பெயர்

பிள்ளைக்குப் பெயர் வைக்கிறவர்கள் வீட்டிலேயே சண்டை போட்டு முடித்துவிடுவார்கள். கடைக்குப் பெயர் வைக்கிறவர்கள் அந்தச் சண்டையை என் மேசைக்குக் கொண்டுவந்துதான் போடுவார்கள்.

புதுச்சேரியில் கொடி மாறின புதிதில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். கொடிதான் மாறியிருந்தது. சட்டம் பழைய பிரெஞ்சுச் சட்டம், பதிவேடு பழைய பிரெஞ்சுப் பதிவேடு. ஊரில் யார் சின்னதாக ஒரு கடை திறந்தாலும் எங்கள் அறைக்கு வந்து வணிகப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு போக வேண்டும். எழுதுகிற குமாஸ்தா நான். எழுதியதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் லூர்து முசே. முசே என்றால் எங்கள் ஊரில் ஐயா என்று அர்த்தம். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் கோட்டு, ஒரு நாளைக்கு மொத்தம் பத்து வார்த்தை. அந்தப் பத்தையும் மத்தியானம் அலுவலகம் அடைப்பதற்குள் பேசி முடித்துவிடுவார்.

நிரப்பிய படிவங்களைக் கோத்துத் தைத்ததுதான் பதிவேடு. படிவத்தில் ஐந்து கட்டங்கள். வியாபாரியின் பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், இருப்பிடம், தொழில். இந்த நான்கும் நாலு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஐந்தாவது, கடையின் பெயர். அங்கே வந்ததும் எதிரில் நிற்பவர் மேலே பார்ப்பார், கீழே பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். "நீங்களே ஒண்ணு சொல்லுங்களேன்" என்பார். நான் சொன்னால் நன்றாக இல்லை என்பார். எந்த அலுவலகத்திலாவது மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அடுத்தவர் குழப்பத்தைச் சம்பளத்துக்கு வாங்கியவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் சும்மா படித்துவிட்டுப் போங்கள்.

வாழையும் வாஜையும்

உழவர்கரையிலிருந்து தணிகாசலம் என்று ஒருவர் வந்தார். வாழைக்காய் மண்டி போடப் போகிறார். பெயரில் அவருக்குக் குழப்பமே இல்லை. 'வாழை மண்டி' என்று எழுதச் சொன்னார். குழப்பம் எனக்குத்தான். பதிவேட்டில் பிரெஞ்சு எழுத்தில்தான் எழுத வேண்டும். பிரெஞ்சில் ழகரம் கிடையாது. அதற்குப் பதிலாக எங்கள் அலுவலகத்தில் காலம் காலமாகப் போடுகிற எழுத்து ஒன்று உண்டு. அதைப் படித்தால் ஜகரம் மாதிரிதான் கேட்கும். எழுதிவிட்டு, வழக்கப்படி உரக்கப் படித்துக் காட்டினேன். "வாஜை மண்டி."

தணிகாசலம் மேசை மேல் குனிந்து நான் எழுதியதைப் பார்த்தார். "திருப்பிப் படிங்க" என்றார். படித்தேன். "நான் விக்கறது வாழைக்கா சார்" என்றார் பொறுமையாக. ழகரத்தின் கதையை அவருக்கு விளக்கினேன். உங்கள் ஊர் உழவர்கரையையே பிரெஞ்சுக்காரர்கள் ஊல்காரே என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்கள், ஊர் ஒன்றும் ஓடிப்போய்விடவில்லையே என்று ஆறுதலும் சொன்னேன். வேண்டுமானால் ழகரம் இல்லாத வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம் என்றேன். கதலி, ரஸ்தாளி என்று நானே இரண்டு எடுத்துக்கொடுத்தேன். அவர் துண்டை எடுத்து ஒரு தோளிலிருந்து மறுதோளுக்குப் போட்டுக்கொண்டார். தீர்மானம் வந்துவிட்டது என்று தெரிந்தது.

"வாழைன்னு சொல்றவன் காய் வாங்க வருவான். வாஜைன்னு சொல்றவன் வரி கேக்க வருவான். ரெண்டு பேருக்கும் வழி தெரியும் சார், எழுதுங்க."

வேப்பமரத்துக் கடை

எங்கள் ஊர்க் கதிர்காமத்துப் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்த நாராயணன் ஐந்தாவது கட்டம் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெயரே இல்லாமல் அவர் கடை ஆறு வருஷமாக ஓடுகிறது. பதியாமல் இருந்ததற்கு யாரோ கேள்வி கேட்டதால் வந்திருக்கிறார். கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்றேன். "அப்ப ஜனங்க எப்படிச் சொல்றாங்களோ அப்படியே எழுதிடுங்க. வேப்பமரத்துக் கடைன்னு சொல்றாங்க" என்றார். எழுதினேன். என் மேசையில் அவ்வளவு சீக்கிரம் முடிந்த வேலை வேறில்லை.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு புயல் வந்து போனது. அது ஓய்ந்து ஒரு மாதத்தில் நாராயணன் வந்து நின்றார். மரம் சாய்ந்துவிட்டதாம். நல்லவேளை, தெருப்பக்கம் விழுந்தது, கடைக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் பெயர் மாற்றுவதற்கான படிவத்தைத் தேடி எடுத்தேன். அவர் கையை நீட்டித் தடுத்தார். படிவத்துக்காக அவர் வரவில்லை. தகவல் சொல்லத்தான் வந்திருக்கிறார்.

"சட்டப்படி பதிஞ்ச பேராச்சேன்னு அதே எடத்துல புதுசா ஒண்ணு நட்டுட்டேன் சார். யாராவது கேட்டா மரம் இருக்குதுன்னு சொல்லுங்க, மூணு எலை விட்டிருக்கு."

பாரிஸா, பாரதமா

மரியதாஸ் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். சைகோனில் பட்டாளத்துக்கு ரொட்டி சுட்டுப் போட்ட மனிதர். ஊருக்குத் திரும்பி, வீட்டு முன்பக்கத்தை இடித்து அடுப்புக் கட்டி, ரொட்டிக்கடை திறக்கப் போகிறார். வந்த உடனே நெஞ்சை நிமிர்த்தி, 'பாரிஸ் ரொட்டிக்கடை' என்று சொன்னார். எழுதிக்கொடுத்தேன். தன் கையெழுத்தைப் போடுகிற நேரத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இப்ப இருக்கிற நெலமையில பாரிஸ்னு போட்டா, பழைய ஆளுங்க கட்சின்னு பேசுவாங்களோ?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். யோசித்து வருவதாகச் சொல்லிப் போனார்.

பத்து நாள் கழித்து வந்து, 'பாரதம் ரொட்டிக்கடை' என்றார். எழுதினேன். மறுபடி பேனா கீழே போனது. "பாரதம்னு போட்டா பிரான்ஸ்லேருந்து வர என் பென்ஷனுக்கு ஏதாவது வந்துடுமா?" இதைக் கேட்கும்போது அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வருஷங்களில் ஊரில் பாதிப் பேர் இப்படித்தான் எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்று தெரியாமல் இருந்தார்கள். லூர்து முசே தன் பத்து வார்த்தையில் நாலைச் செலவழித்து, "பேரால பென்ஷன் போகாது, மரியதாஸ்" என்றார். அதற்கும் அவர் தெளியவில்லை.

மூன்றாம் தடவை அவர் மனைவி மார்த்தா அம்மாளும் கூட வந்தார். சேலை முந்தானையில் மாவு ஒட்டியிருந்தது. அடுப்புக் கட்டி இரண்டு மாதமாகிறது, பூனைதான் அதில் படுத்துத் தூங்குகிறது என்று என்னிடம் சொன்னார். பிறகு புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"பாரிஸ இவரு பாத்ததில்ல, டில்லிய நான் பாத்ததில்ல. காலைல ரொட்டிக்கு வரவங்க எங்க தெருமுனையத்தான் பாக்கப் போறாங்க. முனை ரொட்டிக்கடைன்னு எழுதுங்க முசே, அடுப்பு பத்த வெச்சிட்டு வந்திருக்கேன்."

மச்சான் சோடா

பாவாடையும் கோதண்டமும் சேர்ந்து கோலி சோடா போட ஒரு இயந்திரம் வாங்கினார்கள். பாவாடையின் தங்கையைத்தான் கோதண்டம் கட்டியிருந்தார். இரண்டு பேரும் நல்லவர்கள். சேர்ந்து வந்து நான்கு கட்டத்தையும் சிரித்துக்கொண்டே நிரப்பினார்கள். ஐந்தாவதில் 'பாவாடை கோதண்டம் சோடா' என்று பாவாடை சொல்ல, 'கோதண்டம் பாவாடை சோடா' என்று கோதண்டம் சொல்ல, போகும்போது தனித்தனியாகப் போனார்கள்.

அதற்குப் பிறகு ஒருவர் திங்கட்கிழமை வருவார், ஒருவர் வியாழக்கிழமை வருவார். இயந்திரம் மூட்டை கட்டியபடியே கிடந்தது. வீட்டில் தங்கைக்காரி அண்ணனுக்கும் புருஷனுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் பேச முடியாமல் அழுதுகொண்டிருந்தாள் என்பது இரண்டு பேர் வாயிலிருந்தும் வந்தது. இரண்டு பேருக்கும் அது வருத்தம்தான். ஆனால் விட்டுக்கொடுக்க ஆள் இல்லை. "நீங்களே சொல்லுங்க சார், மச்சான் பேசறது ஞாயமா?" என்று பாவாடை திங்கட்கிழமை கேட்டார். வியாழக்கிழமை கோதண்டம் வந்து, "மச்சான் பேசறது ஞாயமான்னு நீங்களே சொல்லுங்க சார்" என்றார். அன்று எனக்கு ஒன்று தோன்றியது. அவர் இவருக்கு மச்சான், இவர் அவருக்கு மச்சான். யார் முன்னால் யார் பின்னால் என்ற பேச்சே அதில் கிடையாது.

இரண்டு பேரையும் ஒரே நாளில் வரச் சொன்னேன். 'மச்சான் சோடா' என்று ஒரு காகிதத்தில் எழுதி நடுவில் வைத்தேன். இருவரும் குனிந்து படித்தார்கள். முதலில் கோதண்டத்துக்குத்தான் சிரிப்பு வந்தது. ஐந்தாவது கட்டம் நிரம்பியது. அவர்கள் தோளில் கை போட்டுக்கொண்டு படி இறங்கிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, லூர்து முசே கையெழுத்துப் போட்டார்.

"இந்தப் புஸ்தகத்துல முதல்முறையா ஒரு சொந்தத்த ரெஜிஸ்தர் பண்ணியிருக்கோம்."

பலகையில் ஒருவர், புத்தகத்தில் ஒருவர்

அஞ்சலை கனகசெட்டிக்குளத்துப் பெண். விடிகாலையில் கூடையோடு நடந்து வந்து வீடு வீடாகக் கருவாடு விற்று, பன்னிரண்டு வருஷத்தில் டவுனில் ஒரு சின்னக் கடைக்கு இடம் பிடித்திருந்தாள். படிவத்தின் பின்பக்கத்தில் கல்யாணமான பெண்களுக்கென்று ஒரு வரி அப்போது இருந்தது. கணவன் சம்மதித்துக் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். அதை நான் சொன்னதும் அஞ்சலை கூடையைத் தரையில் இறக்கி வைத்தாள். அவள் புருஷன் முனுசாமி வேறொருத்தியோடு தெற்கே ஒரு குப்பத்துக்குப் போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. "செத்துட்டாருன்னு எழுதிக்க முடியுமா?" என்று கேட்டாள். முடியாது என்றேன். "நானும் அப்படிச் சொல்ல மாட்டேன், சும்மா கேட்டேன்" என்றாள்.

அவனைத் தேடிக் கண்டுபிடித்துக் கூட்டியே வந்துவிட்டாள். வந்தவன் சும்மா கைநாட்டு வைக்கவில்லை. ஊரில் நாலு பேர் முன்னால் தனக்கு ஒரு கௌரவம் வேண்டும், கடை தன் பெயரில் இருந்தால்தான் விரலை நீட்டுவேன் என்று அறையின் நடுவில் நின்று சொன்னான். அவள் கூடை சுமந்த தலையில் முடி உதிர்ந்து வட்டமாக வழுக்கை விழுந்திருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அஞ்சலை என்னிடம் திரும்பி, படிவத்தில் எதெது எந்தக் கட்டம் என்று கேட்டாள். முதல் கட்டம் வியாபாரி, அதாவது கடைக்குச் சொந்தக்காரர். ஐந்தாவது கட்டம் கடையின் பெயர், அதாவது பலகையில் எழுதுவது என்று அவனுக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். அவன் பலகை என்ற வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டான். "பலகைல இவரு பேரையே போட்டுக்கறேன்" என்றாள் அஞ்சலை. 'முனுசாமி கருவாட்டுக் கடை' என்று ஐந்தாவதில் எழுதினேன். முதல் கட்டத்தில் அஞ்சலை என்று எழுதினேன். முழுவதையும் உரக்கப் படித்தேன். அவன் தன் பெயர் வந்த இடத்தில் தலையை ஆட்டிவிட்டுக் கைநாட்டு வைத்தான்.

கடை நன்றாக ஓடியது. ஒரு வருஷம் போல ஆனதும் முனுசாமி புதுச்சட்டையோடு எங்கள் அறைக்கு வந்தான். பலகையில் இருப்பது தன் பெயர், ஆகவே கடை தன்னுடையது, அவளை வெளியே அனுப்ப ஒரு காகிதம் எழுதித் தர வேண்டும் என்றான். அஞ்சலையும் பின்னாலேயே வந்து வாசலில் நின்றாள். லூர்து முசே எழுந்து, பதிவேட்டைத் தானே எடுத்து வந்து பிரித்து, முதல் கட்டத்தில் விரலை வைத்துப் படித்தார். பின்பக்கம் திருப்பி அவனுடைய கைநாட்டையும் காட்டினார். இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்தது. முனுசாமி பதிவேட்டையும் முசேயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் படி இறங்கிப் போனான். இனி வேண்டுமானால் பலகையில் பெயரை மாற்றிக்கொள்ளலாம், நானே எழுதித் தருகிறேன் என்று அஞ்சலையிடம் சொன்னேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும் ஐயா, ஜனங்களுக்குப் பழகிப்போச்சு. அன்னிக்குப் பேரத்தான கேட்டாரு, குடுத்துட்டேன், கடையக் கேக்கலையே."

வரிசையில் நாலாவது ஆள்

என் மனைவி சரோஜா நன்றாகத் தைப்பாள். பக்கத்து வீடுகளுக்குத் தைக்க ஆரம்பித்தது பெருகி, முன்னறையைக் கடையாக்கிவிடலாம் என்ற அளவுக்கு வந்தது. பெயர் வைக்கிற பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். ஊருக்கே பெயர் எழுதுகிறவன் வீட்டில் இருக்கும்போது வேறு யாரைக் கேட்பது? நான் சொல்கிற பெயரில் நானே குற்றம் கண்டுபிடித்தேன். ஒன்று பிரெஞ்சு எழுத்தில் அசிங்கமாக இருந்தது. ஒன்று ஏற்கெனவே பதிவேட்டில் இருந்தது. இன்னொன்று பலகைக்கு நீளம். இப்படியே ஆறு மாதம் போனது. தையல் இயந்திரத்தை வாசல் பக்கம் திருப்பிப் போட்டு அவள் காத்திருந்தாள். தினமும் சாயங்காலம் நான் வந்ததும், "ஏதாவது கெடைச்சுதா?" என்பாள். "பார்த்துக்கிட்டிருக்கேன்" என்பேன்.

ஒரு நாள் காலை, அலுவலகத்தில் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று பேரை அனுப்பிவிட்டு நிமிராமலே, "பெயர்?" என்றேன். "சரோஜா" என்று பதில் வந்தது. நிமிர்ந்தால், என் மனைவி. நல்ல சேலை கட்டிக்கொண்டு, பணிவாக நிற்கிறாள். பின்னால் இன்னும் நாலைந்து பேர். எனக்கு வேறு வழி தெரியவில்லை. இரண்டாவது கட்டத்துக்குப் போய், "கணவர் பெயர்?" என்றேன். எங்கள் பக்கத்தில் புருஷன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் இல்லை. அவள் சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டு, "உங்களுக்கே தெரியும், எழுதிக்குங்க" என்றாள். வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். இருப்பிடம், தொழில் எல்லாம் அவளைக் கேட்காமலே எழுதினேன். பின்பக்கம் கணவர் சம்மதம் கேட்கிற வரி வந்தபோது பேனா என் கையில்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

முன்பக்கம் திருப்பி, ஐந்தாவது கட்டத்தில் என் பேனா நிற்பதற்கு முன்பே, "சரோஜா தையல் கடை" என்று சொல்லிவிட்டாள். ஆறு மாதத்தில் எனக்குத் தோன்றாத ஒரே பெயர் அது. அதில் ழகரம் இல்லை, நீளம் இல்லை, பதிவேட்டிலும் அப்படி ஒன்று இல்லை. லூர்து முசே வந்து, படிவத்தை முழுதாகப் படித்துக் கையெழுத்துப் போட்டு, தலையைச் சாய்த்து அவளுக்கு வணக்கம் சொன்னார். ஏன் வீட்டில் சொல்லாமல் இவ்வளவு தூரம் வந்தாய் என்று மெதுவாகக் கேட்டேன். அவள் நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"வீட்டுல கேட்டா யோசிப்பீங்க. இங்க வந்து கேட்டா எழுதுவீங்கன்னு தெரியும்."

பிறகு சட்டமும் மாறி, படிவமும் மாறி, நானும் வேறு மேசைக்குப் போய்விட்டேன். இத்தனை கடைக்குப் பெயர் எழுதிக்கொடுத்த எனக்கு எங்கள் தெருவில் இப்போது நிலைத்திருக்கிற பெயர், எந்தப் பதிவேட்டிலும் ஏறாமலே, தையக்காரம்மா வீட்டுக்காரர்.